எட்டு ஐம்பது என்று எழுதிய சீட்டு

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பதிவேட்டில் உள்ள என் பெயரை மேலே குறித்துக்கொண்டீர்கள். ஆனால் துறையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, கடிகாரக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். ஐஸ் ஆலைக்குப் பின் தெருவில், வலைக் கொட்டகையை ஒட்டிய மாடி வீட்டில் கணவருடன் குடியிருக்கிறேன். ஐஸ் ஆலையின் வாசலில் வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை பதினோரு மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, படகு கவிழ்ந்த வழக்கில் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று தெரிவித்தேன்.

கவிழ்ந்த படகு என் கணவருடையது, ஓட்டியவரும் அவர்தான். அதில் அவரோடு எப்போதும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் என் கணவரின் தம்பி, அதாவது என் கொழுந்தன். மற்றவர் இன்ஜின் பார்ப்பவர். அவர் பேச ஆரம்பித்தால் இன்ஜின் சத்தமே காதில் விழாது என்பதால் துறையில் எல்லோரும் அவரை ஊமையண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் படகு ஆற்றுக்குள் உள்ள படித்துறையில் கட்டியிருக்கும். கடலுக்குப் போக ஆற்றின் வாயைக் கடக்க வேண்டும். வாய்க்குக் குறுக்கே மணல் திட்டு இருக்கிறது. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் ஏற்றம் உச்சத்துக்கு வரும்போதும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் மட்டும்தான் திட்டைப் பயமில்லாமல் தாண்டலாம். உச்சம் தாண்டி மூன்றாவது மணியில் தண்ணீர் கடலை நோக்கிப் பாயும் வேகம் மிக அதிகமாக இருக்கும், அந்த நேரத்தில் வெளியிலிருந்து பெரிய அலையும் வந்தால் இரண்டும் திட்டின் மேல் முட்டிக்கொண்டு சுவர் மாதிரி எழும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் கூடுதல், வற்றமும் கூடுதல். இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். பதினோரு வருடமாக எங்கள் படகு எந்த நாளில், எந்த நேரத்தில் வாயைக் கடக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது நான். பெரிய துறைமுகத்தின் அட்டவணையைப் பார்த்து, எங்கள் வாய்க்கு முப்பத்தைந்து நிமிடம் கூட்டி, நிலா என்ன நிலையில் இருக்கிறது, ரேடியோவில் காற்றும் அலையும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்து, ஒரு சீட்டில் நேரத்தை எழுதிக் கொடுப்பேன். என் கணவர் அதைப் படகின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வார். போனில் வருவது யாரோ ஒருத்தன் நேரம், இது நம்ம வாய்க்கு எழுதின நேரம் என்பார்.

கணவாய் மீன் பிடிக்க இருட்டு வேண்டும், காலையில் கிளம்பிப் போய் இரவு கடலிலேயே தங்கிப் பிடிப்பார்கள். நிலா இல்லாத நாட்களில்தான் அது படகு விளக்கைத் தேடி வரும். அப்படி மாதத்தில் ஏழெட்டு நாள் கிடைத்தால் பெரிது. போன மாத இருட்டில் இரண்டு முறை காற்று வரும் என்று சொல்லி நான் அவரை நிறுத்தினேன். இரண்டு முறையும் காற்று வரவில்லை. போன படகுகள் நிறைய கணவாயோடு திரும்பின. அதன் பிறகு துறையில் அவரைப் பார்த்து, பொண்டாட்டி கிழிச்ச கோட்டைத் தாண்டாதவன் என்று சிரித்திருக்கிறார்கள். அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை, கொழுந்தன் சொல்லித்தான் தெரியும். கரையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் அவருக்குக் கால் தரிக்காது. வீட்டில் நன்றாக இருக்கும் தாழ்ப்பாள்களையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி மாட்டிக்கொண்டிருப்பார். இந்த மாத இருட்டு வருவதற்குள் எங்கள் வீட்டில் எல்லாத் தாழ்ப்பாளும் இரண்டு தடவை கழன்றுவிட்டன.

சம்பவத்துக்கு முந்தைய நாள் அமாவாசை. அன்று மாலை ஐந்து மணி ரேடியோவில், வெகு தொலைவில் சுழன்ற புயலால் நெடிய அலைகள் வந்து சேரும், நம் பக்கம் காற்று இருக்காது, வானம் தெளிவாகவே இருக்கும், ஆற்று வாய்களில் எச்சரிக்கை தேவை என்று சொன்னார்கள். நான் அவரிடம், "என்னங்க, நாளைக்கு வேண்டாம், ரெண்டு நாள் தள்ளிப் போடலாம்" என்றேன். அவர் ஜன்னலைத் திறந்து, வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையைக் காட்டினார். அது அசையவே இல்லை. "இதுல என்ன அலை வரப்போகுது?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அதற்கு அவர் சத்தம் போடாமல், "நேரம் சொல்றது உன் வேலை. போறதா வேண்டாமாங்கிறது என் வேலை. அதுல நீ வராத" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு டீசல் ஊற்றப் போய்விட்டார்.

அதன் பிறகு நான் கணக்குப் போட்டேன். மறுநாள் காலை ஏற்றத்தின் உச்சம் எங்கள் வாயில் ஐந்து ஐம்பது. இரண்டு தடவை சரிபார்த்தேன். முதலில் ஒரு சீட்டில் 5.50 என்றே எழுதினேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து மாடிப்படியில் இறங்கி ஏறினேன். அதன் பிறகு அந்தச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வேறு சீட்டில் தவறுதலாக 8.50 என்று எழுதினேன்.

ஏன் எட்டு ஐம்பது என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அந்த நேரத்துக்கு வாய்க்குப் போனால் தண்ணீர் வற்றி மணல் திட்டின் முதுகு தெரிந்துவிடும், அதைப் பார்த்ததும் அவர் படகைத் திருப்பிக்கொண்டு வந்து என்னைக் கண்டபடி திட்டுவார், அன்றைய நாள் போய்விடும் என்று நினைத்தேன். போகாதே என்று சொன்னால் கேட்காதவர் தண்ணீர் இல்லை என்றால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஐந்து மணியிலிருந்தே விழித்துக்கொண்டிருந்தேன். அவர் அசந்து தூங்கினார். ஐந்து ஐம்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போக விட்டேன். ஆறேகாலுக்கு எழுந்தார், குளித்தார், சீட்டைப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏழே முக்காலுக்குக் கிளம்பும்போது, முந்தைய நாள் கோபத்தைச் சரிக்கட்டுவதுபோல, "கணவாய்ல பெருசா ரெண்ட உனக்குன்னு எடுத்து வைக்கிறேன், சரியா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

படித்துறையில் நடந்தது எனக்கு அப்போது தெரியாது, பிறகு ஆஸ்பத்திரியில் கொழுந்தன் சொன்னது. மேலே மதகு திறந்திருந்ததால் நாலைந்து நாளாக ஆற்று நீர் எந்நேரமும் வெளியேதான் ஓடியது. அதனால் ஓட்டத்தைப் பார்த்து ஏற்றமா வற்றமா என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் பாசி பிடித்த படிகள் வெளியே தெரிவதைப் பார்த்துக் கொழுந்தன், "அண்ணா, தண்ணி இறங்கியிருக்கிற மாதிரி இருக்கே" என்று கேட்டிருக்கிறார். அதற்கு என் கணவர், "உங்க அண்ணி எழுதினதுல தப்பு வந்து இந்தப் பதினோரு வருஷத்துல நான் பாத்ததில்ல. ஏறிக்கிட்டுதான் இருக்கும், கயித்த அவுரு" என்று சொல்லியிருக்கிறார்.

நான் எட்டு மணிக்கு வேலைக்குப் போனேன். வண்டிகள் வரிசையில் நின்றன. மூன்று வண்டிக்கு ஒரே எண் டோக்கனைக் கொடுத்துவிட்டேன், ஓட்டுநர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஆலையின் பின்பக்கத்து இரும்பு ஏணிப்படியில் ஏறினேன். அங்கிருந்து வாய் நன்றாகத் தெரியும். திட்டின் முதுகு தெரியவில்லை. நீண்ட அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து திட்டின் மேல் புரண்டு அதை மூடிக்கொண்டிருந்தன. எந்த அலைக்குப் பயந்து நான் நேரத்தை மாற்றினேனோ, அந்த அலைதான் திட்டை அவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தது. அலை இருக்கும் நாளில் திட்டு தெரியாது என்பது பதினோரு வருடம் கணக்குப் போட்ட எனக்கு முந்தைய நாள் தோன்றவே இல்லை.

உடனே என் கணவரின் போனுக்கு அடித்தேன். படகு நகர்ந்தால் அவர் போனைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிடுவார், எடுக்கவில்லை. அதன் பிறகு ஊமையண்ணனுக்கு அடித்தேன். எட்டு முப்பத்தொன்றுக்கு நாற்பத்தொரு விநாடி பேசியதாக நீங்கள் காட்டிய போன் கம்பெனியின் தாளில் உள்ள அழைப்பு அதுதான். அவர் எடுத்து, "சொல்லு தங்கச்சி, இன்னைக்குக் கடல் தட்டுல ஊத்தி வச்ச மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பேச விடாமல், "அண்ணே, வாய்ல அலை பெருசா இருக்கு, அவரைத் திரும்பச் சொல்லுங்க" என்றேன். அவர் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தி அதை என் கணவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என் கணவர் சிரித்ததும் கேட்டது. "அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார். ஊமையண்ணன் என்னிடம், "கவலைப்படாத தங்கச்சி, நான் இருக்கேன்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நேரம் தப்பு என்று அவரிடம் சொன்னீர்களா என்று இரண்டு முறை கேட்டீர்கள். சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்தது. நான் எழுதின நேரம் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கணவர் அந்த இடத்திலேயே படகைத் திருப்பியிருப்பார். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அவருக்கு முன்னால், ஊமையண்ணனுக்கும் கொழுந்தனுக்கும் முன்னால், துறை முழுவதற்கும் முன்னால் நான் பொய் எழுதியவள் ஆகிவிடுவேனே என்றுதான் விழுங்கிவிட்டேன். வேறு காரணம் இல்லை.

மறுபடி அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. படகு வாய்க்குள் நுழைவதை ஏணிப்படியில் நின்று பார்த்தேன். முதல் அலையில் முன்பக்கம் தூக்கியது, இறங்கும்போது திட்டில் இடித்துக் குறுக்காகத் திரும்பியது, அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டது. போன மாதம் அடிப்பக்கத்தில் பூசிய சிவப்புப் பெயிண்ட் முழுதாகத் தெரிந்தது. நான் கத்தினேனாம், எனக்கு நினைவில்லை. ஐஸ் தூக்கும் ஆட்கள் கயிறு எடுத்துக்கொண்டு கல் தடுப்பின் மேல் ஓடினார்கள். அதன் பிறகு ரோந்துப் படகு வந்தது. என் கணவருக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது, கொழுந்தனுக்குத் தோள் இறங்கியிருந்தது, இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊமையண்ணன் அன்று கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் வடக்கே உப்பளத்தை ஒட்டி ஒதுங்கினார்.

ஆஸ்பத்திரியில் என் கணவர் இரண்டு நாள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டில்காரர் தூங்கியிருந்தபோது, "அட்டவணையைப் போன்ல பாக்கச் சொன்னேன். அஞ்சு பதினஞ்சுன்னு இருக்கு. முப்பத்தஞ்சு கூட்டத் தெரியாதா எனக்கு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "ஏன்னு நான் கேக்கல. நீ எங்கயும் எதுவும் சொல்லாத. சீட்டு தண்ணியோட போச்சு. நான் நேரத்தை மறந்துட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உங்களிடம் அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அலட்சியமாக ஓட்டியதாக ஒப்புக்கொண்டிருப்பது இதனால்தான்.

நேற்று பிற்பகல் ஊமையண்ணனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உன் புருஷன் அன்னைக்குக் குடிச்சிருந்தானா? ஊர்ல அப்படித்தான் பேசிக்கிறாங்க. நீ எழுதிக் கொடுத்த நேரம் தப்பவே தப்பாதுன்னு எங்க வீட்டுக்காரர் வாய் ஓயாம சொல்வாரே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். என் கணவர் குடிப்பதில்லை. அவரிடம் இருபது வருடம் வேலை பார்த்தவரின் மனைவிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. நான் நின்றபடியே, இங்கே சொன்ன எல்லாவற்றையும், போனில் விழுங்கியது உட்பட, அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் இறங்கிப்போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். நான், "அண்ணி" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பாமல், "என்னை அப்படிக் கூப்பிடாத. போய் எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று நான் இங்கே வந்திருப்பது என் கணவருக்குத் தெரியாது.

மேலே எழுதியதை எழுத்தர் எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, ஓர் இடத்தைத் தவிர. 8.50 என்று எழுதியதைப் பற்றிச் சொல்லும் வரியில், அவர் என் மேல் இரக்கப்பட்டோ பழக்கத்தினாலோ "தவறுதலாக" என்று சேர்த்திருக்கிறார். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு "தெரிந்தே" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வார்த்தை வழக்கையே மாற்றும் என்று ஆய்வாளர் சொன்னார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். என் முன்னிலையில் அந்த வார்த்தை அடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்ன இவை அத்தனையும் உண்மை.

அடித்தல் ஒன்று, திருத்தம் ஒன்று. இரண்டின் பக்கத்திலும் நானே கையெழுத்திட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)