இசக்கி எடுத்த நாற்பத்தொரு பாயிண்ட்

ஆறடிக்கு மேல் வளர்ந்தவனுக்கு ஒரகடம் வட்டாரத்தில் கட்டில் கிடைப்பது கஷ்டம். ஹாஸ்டல்காரர்கள் எல்லோரும் ஐந்தரை அடி ஆளுக்கு அளவெடுத்து இரும்புக் கட்டில் அடித்து வைத்திருக்கிறார்கள். இசக்கி வந்து சேர்ந்த வாரமே அவன் கட்டிலின் கால்பக்கத்துக் கம்பியை நான் ஆள் வைத்து அறுத்துக் கொடுத்தேன். அப்புறமும் அவன் பாதம் இரண்டும் பக்கத்து அறைக்குள் போய்த் தூங்கின. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அது என் சுபாவம். ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது கேட்பதற்கு மேலதிகாரியும் இல்லை என்பதால் இன்னும் தாராளமாகக் கூட்டுகிறேன்.

என் பெயர் பரசுராமன். பென்னலூரில் சொந்த வீடு. கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசராக இருந்தேன். வாசலில் சல்யூட் அடிக்கிற செக்யூரிட்டி இல்லை. மெஷினில் யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறவர். கூடவே கம்பெனி பாஸ்கெட்பால் அணிக்கு மேனேஜர். முதலாவது சம்பளத்துக்கு, இரண்டாவது சந்தோஷத்துக்கு.

இசக்கி திருச்செந்தூர் பக்கத்துப் பையன். மாநில ஜூனியர் அணியில் ஆடியவன். ஆட்டத்துக்காகத்தான் அவனுக்கு வேலை கொடுத்தோம். மேட்ச் இல்லாத நாட்களில் பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டுவான். உயரம் ஆறடி மூன்று அங்குலம். நோட்டீஸில் ஆறடி ஏழு என்று அடித்தேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவன் இறங்கினால் ஷேர் ஆட்டோக்காரர்கள், “காலை மட்டும் கழட்டி மேல போட்டுக்கோ ராசா, மத்ததுக்கு எடம் கீது” என்பார்கள். அவன் சிரித்தபடியே மூன்று பேர் இடத்தில் மடங்கி உட்காருவான். நல்ல பையன். கோபப்படத் தெரியாது.

வடக்கே நடக்கும் ஒரு தொழில்முறை லீக்கில் ஒரு சீசன் ஆடினான். பதினான்கு மேட்ச். நான் எல்லோரிடமும் நாற்பது என்றேன். அடுத்த ஆண்டு அதே டீம் இரண்டு வருட ஒப்பந்தம் அனுப்பியது. அதை அவன் தன் அக்கா மாரிசெல்விக்குக் காட்டும் முன்பே என்னிடம் கொண்டுவந்தான். அவள் செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை பார்க்கிறவள்.

“அண்ணாச்சி, இருவதாந் தேதி கெளம்பணும். இனி எக்காவ நின்னுகிட்டே வேல பாக்க விட மாட்டேன்” என்றான். அதற்கு நான் பெருமைப்பட்டேன். இன்றைக்கும் பெருமைதான்.

அந்த மாதம் ஒரு அவசர ஆர்டர். பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் செந்தமிழன் கேன்டீனில் என்னிடம் புலம்பினார். “அந்த சென்சாரு பெரிய ரோதனை சார். கை நெழலு பட்டாலே மெஷினு நின்னுடுது. இப்டியே போனா ஆர்டரு எங்க முடியும்?”

மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டும் பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளித்திரை உண்டு, அதுதான் சென்சார். கை அதைத் தாண்டினால் பிரஸ் நின்றுவிடும். அதை அணைக்கும் சாவி சேஃப்டி ஆபீசரிடம் மட்டும்தான் இருக்கும்.

“நம்ம இசக்கி கைக்கு சென்சார் எதுக்குய்யா?” என்றேன். “பிரஸ் எறங்கி ஏர்றதுக்குள்ள அவன் நாலு பாஸ் போட்டுட்டு வருவான்.”

மேஜையே சிரித்தது. “சார் டமாஸ் பண்றாரு” என்றார் செந்தமிழன்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். டமாஸ் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. புதன்கிழமை எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, சாவியைத் திருப்பி, ஸ்டாப்வாட்சைக் கையில் பிடித்தேன். சென்சாரோடு நிமிடத்துக்குப் பதினான்கு பீஸ் வெட்டுகிற மெஷின். இசக்கி இருபத்திரண்டு வெட்டினான். “கை கூசுது அண்ணாச்சி” என்று சிரித்தான். நான் கம்பெனி மேனேஜரிடம் முப்பத்தைந்து என்றேன். அவர் அந்த எண்ணை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. போட்டார். சாவியைத் திருப்பி சென்சாரை நான் மறுபடி போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் தினமும் இரண்டு முறை அந்த மெஷினைக் கடந்துதான் என் அறைக்குப் போவேன்.

அந்த ஞாயிறு தாம்பரம் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில் மேட்ச். நாற்பத்தொரு பாயிண்ட் எடுத்தான் இசக்கி. கடைசி நிமிடத்தில் பனைமரம் பறந்ததுபோலக் குதித்து, பந்தை வளையத்துக்குள் அறைந்தான். துருப்பிடித்த வளையத்தின் கொக்கிகளில் வலதுகை விரல்கள் மாட்டிக்கொண்டன. கட்டைவிரல் தவிர நான்கும் போயின. கீழே விழுந்ததை ஒரு தெருநாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

விபத்துப் படிவத்தில் இப்படித்தான் எழுதினேன். முதலில் பதினெட்டு பாயிண்ட் என்றுதான் போட்டேன். மனசு கேட்கவில்லை.

அன்று மேட்ச் எதுவும் இல்லை. காலை பத்து நாற்பதுக்கு பிரஸ் இறங்கியது. ஞாயிறு ஓ.டி. எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. ஆகவே ரெஜிஸ்டர் கணக்கில் இசக்கி கம்பெனிக்குள்ளேயே இல்லை. வாராந்தர விடுமுறையில் பந்து ஆடப் போனவன். கம்பெனி வேனில் அவனைக் கிடத்திக்கொண்டு போகும்போது யூனிஃபார்மைக் கழற்றி ஒன்பதாம் எண் ஜெர்சியைப் போட்டுவிட்டேன். துணி சுற்றிய கை, ஜெர்சியின் கைத்துளைக்குள் நுழையக் கஷ்டப்பட்டது. அவன் மயக்கத்தில் இருந்தான். அதனால் அவனுக்கு வலி தெரியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மருத்துவமனையில் டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். “வெட்டு நேரா இருக்கு சார். விரல் எங்க? கிடைச்சா இப்பவே சென்னைக்கு அனுப்பி ஒட்டப் பார்க்கலாம்” என்றாள். நாய் விஷயம் அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தோன்றியது.

கேட்டில் ஒரு போர்டு உண்டு, விபத்தில்லாத நாட்கள் என்று. ஆயிரத்து நானூறைத் தாண்டியிருந்தது. நான் ஓய்வுபெற ஏழு வாரம் இருந்தது. ஒரு பொன்னாடைக்காகத்தான் இதைச் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெள்ளித்தட்டும் கொடுத்தார்கள்.

விபத்து கம்பெனியில் நடந்தது என்று ஒரு காகிதம் இருந்தால் இசக்கிக்கு ஆயுள் முழுக்க இ.எஸ்.ஐ. பென்ஷன் வரும், விரல் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு வேலையில் உட்காரவைக்கச் சொல்லிக் கேட்கலாம். லீவில் ஆடிய மேட்ச் என்றால் ஒன்றும் இல்லை. லீக் டீம் ஒப்பந்தத்தை மூன்று வரியில் ரத்து செய்தது. மாரிசெல்வி ஷிப்ட் முடிந்து தூங்காமல் ஒவ்வொரு ஆபீஸாக ஏறினாள். ஜோதி என்ற வழக்கறிஞர் அவர்களுக்காக விசாரணையில் வாதாடினார்.

“ரிங்ல நாலு விரலும் ஒரே நேர்க்கோட்டுல அறுமா சார்?” என்று கேட்டார் ஜோதி.

“சாதாரண ஆளுக்கு அறாதும்மா. இவன் குதிச்ச உயரம் அப்படி.”

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு எதுவும் சிரமமாக இல்லை. நான் மேட்சை முழுசாகச் சொன்னேன். நானே எழுதிய ஸ்கோர்ஷீட்டைக் காட்டினேன். இசக்கி பிரஸ்ஸைப் பற்றிச் சொன்னான். சாதாரணமாக, தலையைக் குனிந்து, தப்பும் தவறுமாகச் சொன்னான். உண்மையை அவ்வளவு மோசமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. செந்தமிழனும் ரெஜிஸ்டரும் என் பக்கம். எழுதாத ஓ.டி. வெளியே வந்தால் அவருக்கும் வேலை போகும். மனு தள்ளுபடி ஆயிற்று.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவர்களைப் பார்த்தேன். அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறார்கள். மூட்டை முடிச்செல்லாம் மாரிசெல்வி தோளில். புதிதாக வந்த ஆட்டோக்காரர்களுக்கு அவனை அடையாளம் காட்டி, பந்தை வளையத்துக்குள் அறைந்த அந்த டங்க்கை ஒருமுறை நடித்துக் காட்டினேன். என் வயதுக்கு நன்றாகவே குதித்தேன்.

“வாங்க சார்” என்றாள் மாரிசெல்வி. “இன்னைக்கு என் தம்பி எத்தன பாயிண்ட் எடுத்தான்?”

“விடுக்கா” என்றான் இசக்கி. என்னைத் தனியாக அழைத்துப்போனான். அவனுக்குக் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. “கேசு முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனி யார்கிட்டயும் போயி நிக்கப் போறதில்ல. எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அந்த நாயி கதையை நா நம்பல. வெரலு ஒட்டுத மாதிரி கெடந்துச்சா? நெனச்சு நெனச்சு ஒறக்கமே வரல.”

“கூழாப் போச்சுப்பா” என்றேன். “எடுக்கறதுக்கே ஒண்ணும் இல்ல.”

அவன் மூச்சை விட்டான். “அப்பம் சரி” என்றான். ரயில் வந்தது. இடதுகையால் கம்பியைப் பிடித்து ஏறினான். வாசலில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தான்.

விரல்கள் கூழாகவில்லை. நான்கும் முழுசாக, கத்தரித்த வெண்டைக்காய்போலச் சுத்தமாக இருந்தன. செந்தமிழன் அவற்றைத் தேடி எடுத்து, பாலிதீன் கவரில் போட்டு, கேன்டீன் ஐஸுக்குள் வைத்து, “இத்த டாக்டராண்ட குட்த்துடு சார், ஒட்டிருவாங்கோ” என்று என் கையில் கொடுத்தார். நகத்துக்குள் பிரஸ் கிரீஸ் இருந்தது. பந்து ஆடியவன் விரலில் அது இருக்கக் கூடாது. அந்த டாக்டர் பெண் விரல் எங்கே என்று கேட்டபோது கவர் என் சாப்பாட்டுப் பையில், தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பை என் தோளில் இருந்தது. ஐஸ் இன்னும் கரையவில்லை. மாலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போய்க் கவரில் ஒரு கல்லைப் போட்டுக் கட்டி வீசினேன்.

இதை ஸ்டேஷனில் அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு நாள் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு போவான். ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான்; அதுவும் அவனுக்கு நீளம். ஒரு பையனை அப்படி வதைக்க எனக்கு மனசு வராது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.