கட்டில் நடுவுல படுப்பேன்

அக்கா: உள்ள வந்து பாத்ரூம் கதவைச் சாத்து. வராந்தாவுல எல்லாருக்கும் காது நீளம்.

புதுசு: குழாயை மூடுங்கக்கா. நீங்க பேசறது ஒண்ணும் கேக்கல.

அக்கா: கேக்கக் கூடாதுன்னுதான் திறந்து விட்டிருக்கேன்... சரி, மூடிட்டேன். என்ன, அழுதியா?

புதுசு: இல்ல.

அக்கா: மூக்கு சொல்லுதே. கழுவு முதல்ல. விசாரணைக்குப் போனவ சிவந்த மூக்கோட திரிஞ்சா, "இதுங்களுக்குத் தமாஷே தாங்காது"ன்னு ஆரம்பிச்சிடுவானுங்க. ரொம்பக் குடைஞ்சாங்களா?

புதுசு: மூணு பேர் உக்காந்திருந்தாங்க. மரியாதையாத்தான் கேட்டாங்க. தண்ணியெல்லாம் குடுத்தாங்க...

அக்கா: தண்ணி வேறயா. பரவாயில்லையே.

புதுசு: என்னக்கா இப்படிப் பேசறீங்க.

அக்கா: எப்படிப் பேசறேன்? நேத்து வந்தவ நீ. உனக்காக ஒரு சேனலே கூடி உக்காந்து கேக்குது. நான் எத்தனை வருஷமா அந்த ரூம்ல காமெடி சீரியலுக்கு எழுதறேன். தலைமை எழுத்தாளர்னு கதவுல போர்டு மாட்டியிருக்காரே நம்ம வாத்தியார், ஒரு நாள், ஒரே ஒரு நாள், "நீ என்னம்மா எழுதியிருக்கே"ன்னு கேட்டிருப்பாரா?

புதுசு: அதைத்தானேக்கா நான் புகார்ல எழுதினேன். நம்ம எழுதறதை வாசிக்க மாட்டார். பொண்டாட்டி வசனத்தைப் படிச்சுக் காட்ட மட்டும் கூப்பிடுவார். எந்த ஜோக் போகணும், எது போகக் கூடாதுன்னு ஆம்பளைங்க எல்லாம் படிக்கட்டுல சிகரெட் பிடிச்சுக்கிட்டே முடிவு பண்ணிட்டு வந்துடறாங்க...

அக்கா: எல்லாம் எழுதினே. சிரிப்பை எழுதினியா?

புதுசு: எந்தச் சிரிப்பு?

அக்கா: ஒவ்வொரு ஜோக்குக்குப் பின்னாடியும் ஒரு கும்பல் சிரிக்குமே, அதுல தூக்கலா ஒரு பொம்பளைச் சிரிப்பு கேக்குமே... யாருன்னு நினைச்சே?

புதுசு: ...நீங்களா?

அக்கா: "உன் சிரிப்பு நல்லா இருக்கும்மா, மைக் முன்னாடி வந்து நில்லு"ன்னார். நின்னேன். இத்தனை வருஷத்துல என்கிட்டேருந்து டிவிக்குப் போனது அது ஒண்ணுதான். நீ குடுத்து வெச்சவ. உன் ஜோக்கையாவது திருடினார்.

புதுசு: திருட்டுக் குடுத்ததுல என்னக்கா பெருமை?

அக்கா: திருடற அளவுக்கு இருந்துச்சே. என் பீரோவை எவனும் திறந்துகூடப் பார்க்கல. வயிறு எரிஞ்சுதுடி. ஆமா, எரிஞ்சுது, இப்ப என்ன? ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. புருஷன்காரன் கேப்பானே...

புதுசு: "நான் செத்துப்போயிட்டா நீ என்னடி பண்ணுவே?"

அக்கா: "முதல்ல கட்டில் நடுவுல படுப்பேன்."

புதுசு: ...நீங்க சொன்னாதான்க்கா அதுக்குச் சிரிப்பு வருது.

அக்கா: ஐஸ் வைக்காத. உள்ள அதைக் கேட்டாங்களா?

புதுசு: அதைத்தான் நோண்டி நோண்டிக் கேட்டாங்க. ஜோக் அவரோடதுன்னு ஆயிட்டா, நான் சொன்ன மத்ததும் பொய்னு ஆயிடும். அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்கா: அவர் என்ன சொல்றாராம்?

புதுசு: படிக்கட்டுல அவருக்குத் தோணுச்சாம். அதுக்கு முன்னாடியே நான் ரூம்ல சொன்னேனே, நீங்களும் இருந்தீங்க. ஒரு உதடு அசையல. "இதுக்கெல்லாம் எவன் சிரிப்பான், போய்க் காப்பி சொல்லிட்டு வா"ன்னார். நான் சொல்லிட்டுத் திரும்பி வர்றேன், எல்லாரும் படிக்கட்டுலேருந்து வந்துட்டாங்க. அவர் அதையே சொல்றார், மேஜையைத் தட்டிச் சிரிக்கிறானுங்க.

அக்கா: பார்த்தேன். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. நீ ஹாஸ்டல்லதானே இருக்கே?

புதுசு: ஆமா.

அக்கா: ஒத்தைக் கட்டில்.

புதுசு: ...ஆமா.

அக்கா: கல்யாணமும் ஆகல. ஒத்தைக் கட்டில்ல நடு ஏது, ஓரம் ஏது? விடிய விடிய ஓரத்துல ஒட்டிக்கிட்டு, விழுந்துடாம இருக்க ஒரு காலைத் தரையில ஊனிக்கிட்டுப் படுத்தவளுக்குல்ல அது தோணும். சொல்லு. தோணுச்சா, கேட்டியா?

புதுசு: கேட்டேன்.

அக்கா: எங்க?

புதுசு: இங்கதான். அந்த ரெண்டாவது கதவுக்குப் பின்னாடி இருந்தேன். நீங்க குழாயைத் திறந்து விட்டுட்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை முறைச்சுக்கிட்டு... நான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சேன்க்கா. ரூம்ல சொல்வீங்கன்னு தினம் காத்துக்கிட்டிருந்தேன். நீங்க சொல்லவே இல்ல.

அக்கா: அதனால நீ சொல்லிட்டே.

புதுசு: "பொண்டாட்டிக்கு ஒரு பதில் வேணும், எவனுக்காவது தோணுதா"ன்னு வாத்தியார் கேட்டார். நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. எனக்கு வாய் நிக்கல. சொல்லிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கவே பயமா இருந்துச்சு... அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?

அக்கா: தெரியாம? பதிவு அன்னைக்கு அதுக்கும் என்னைத்தானே சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சேன். "சூப்பர், இன்னொரு வாட்டி"ன்னாங்க. இன்னொரு வாட்டியும் சிரிச்சேன்.

புதுசு: என்னைப் பிடிச்சு ரெண்டு அறை விட்டிருக்கலாம்ல.

அக்கா: அதுக்குள்ள நீ கதாநாயகி ஆயிட்டே. தொட முடியுமா உன்னை? நடக்கும்போதே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறாங்க.

புதுசு: போதும்க்கா... நான் உள்ள உண்மையைச் சொல்லிட்டேன்.

அக்கா: என்ன உண்மை?

புதுசு: ஜோக் அவரோடதும் இல்ல, என்னுதும் இல்ல, உங்களுதுன்னு. அந்த ரூம்ல வாயைத் திறக்க முடியாம ஒருத்தங்க இங்க வந்து கண்ணாடிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதுதான் என் புகாரேன்னு சொன்னேன். அப்பதான் அழுகை வந்துடுச்சு.

அக்கா: ...அவங்க என்ன சொன்னாங்க?

புதுசு: ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அது கிடக்கட்டும். உங்களைக் கூப்பிடும்போது ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் பண்ணினது தப்பு, என்னை என்ன வேணா பண்ணட்டும். ஆனா உங்க பேர் டிவில வரும்க்கா. சிரிப்பு இல்ல, பேர்... என்னக்கா, ஏன் திரும்பக் குழாயைத் திறக்கறீங்க? எப்போ வரச் சொன்னாங்க உங்களை?

அக்கா: காலையில முதல் ஆளே நான்தான்டி. அது உன்னுதா ஆகிடக் கூடாதேன்னு... அவரோடதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.