பேசும் படத்தில் பேச்சு வராத மூன்று நிமிஷம்

தலைமைப் பீடத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர் பொங்கியண்ணக் கவுண்டர் அவர்களே! பஞ்சு மூட்டைகளுக்கென்று கட்டிய கிடங்கைப் படம் பிடிப்பதற்காகப் பரிவோடு திறந்துவிட்ட பண்பாளரே! ‘பருத்திக்காட்டுப் பாக்கியம்’ படத்தை எடுத்த வெள்ளியங்கிரி அண்ணன் அவர்களே! எங்கள் குரல்களைப் பிடித்துப் பிலிமிலே பூட்டி வைத்த கரீம் அண்ணன் அவர்களே! கோட்டைமேட்டிலிருந்தும் சூலூரிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பில் பிள்ளையோடு இடம் தேடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பகல் வேலை முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் ஓடி வந்திருக்கும் என் ஆலைத் தோழிகளே! உங்கள் எல்லோருக்கும் மாசாணியம்மாளின் பணிவான வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மேடை ஏறுவது இதுவே முதல் தடவை. எழுதி வைத்துத்தான் வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் யாரோ, “சத்தமாப் பேசு கண்ணு!” என்கிறீர்கள். பேசுகிறேன் அம்மா. பேச்சைப் பற்றிப் பேசுவதற்குத்தானே நிற்கிறேன்!

பேசும் படம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. அதில் யார் பேசினார்கள்? அரசர் பேசினார். அரசி பேசினாள். முனிவர் பேசினார், முனிவரின் தவத்தைக் கலைக்க வந்தவளும் பேசினாள். அரண்மனை வாயில் காப்பவன்கூட, “மகாராஜா, தங்கள் சித்தம்!” என்று சுத்தமாகப் பேசினான். உழுகிறவர் பேசினாரா? நூற்கிறவள் பேசினாளா? தலையிலே கூடை வைத்துத் தெருத் தெருவாய் நடக்கிறவள் பேசினாளா? திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த நாம் எல்லோரும் கேட்டோம், கேட்டோம், கேட்டுக்கொண்டே இருந்தோம்!

இதை மாற்ற வந்தவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். ஒப்பணக்காரத் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ பிடித்துக்கொண்டிருந்தவர் வெள்ளியங்கிரி அண்ணன். பெரிய கடைவீதியில் கிராமபோன் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் கரீம் அண்ணன். இவர்கள் இருவரும் ஒரு நாள் எங்கள் ஆலை வாசலுக்கு வந்தார்கள்.

“ஏனுங்க அம்மணி, படத்துக்கு நாலு பொம்பளைங்க வேணுமுங்க” என்றார் வெள்ளியங்கிரி அண்ணன்.

என்னோடு ஒரே யந்திரத்தில் வேலை செய்யும் கருப்பாத்தாள் அக்காள், “எங்களுக்கு நடிக்கத் தெரியாதுங்களே” என்றார்.

“நடிக்க வேண்டாமுங்க. நூல் அறுந்தாப் பிணையுங்க. ஆலையில எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசுங்க. போதுமுங்க.”

அந்த வார்த்தையை நம்பித்தான் போனோம். அந்த வார்த்தையில்தான் வந்தது வினை!

தலைவர் அவர்களின் கிடங்கில், ஆயில் எஞ்சினில் ஓடும் பழைய நூற்பு யந்திரம் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கிடங்குக்குள் ஒருவரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று தலைவர் அவர்கள் கட்டளையிட்டிருந்தார். அதைச் சரிபார்க்க ஒவ்வொருவர் வாயையும் மோந்து பார்த்தார். சிரிக்காதீர்கள், தலைவர் அவர்களும் சிரிக்கிறார்!

படத்தில் எனக்கு ஒரு கைக்குழந்தை. அதற்கு முதல் பல் முளைத்திருக்கிறது. அந்தச் சேதியை யந்திரத்தின் மறுபக்கம் நிற்கும் கருப்பாத்தாள் அக்காளிடம் நான் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சு கேட்க வேண்டும் என்று எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். மூங்கில் கழியில் மைக் தொங்கியது. மற்றவர்கள் எல்லோரும் பேச்சு எட்டாத தூரத்தில் நின்றார்கள். காமிரா ஓடியது. நான் சொன்னேன். கருப்பாத்தாள் அக்காள் கன்னத்தில் கை வைத்து வியந்தார். காட்சி முடிந்தது.

காதுக்குழாயை மாட்டிக்கொண்டிருந்த கரீம் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “சத்தமே வரலீங்களே!”

கம்பியைப் பார்த்தார். பாட்டரியைப் பார்த்தார். மைக்கைத் தட்டினார். எல்லாம் சரி. மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் சத்தம் இல்லை. “ஏனுங்க, மைக்கு செத்துப்போச்சுங்களா?” என்று கழியைக் கீழே இறக்கினார்.

கருப்பாத்தாள் அக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏனுங்க, அவதான் ரண்டு வாட்டி சொன்னாளுங்களே! எனக்கு நல்லாக் கேட்டுச்சே!”

ஆலைத் தோழிகள் இப்போதே சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நூல் முறுக்கும் கதிர்கள் ஆயிரம் ஒன்றாய்ச் சுற்றும் கூடத்தில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. ஆகவே நாங்கள் சத்தத்தை விட்டுவிட்டோம். உதட்டை அசைப்போம், உதட்டைப் பார்ப்போம். பசியையும் பேசுவோம், பண்டிகையையும் பேசுவோம். முதுகுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கும் மேஸ்திரியைப் பற்றி அவர் முன்னாலேயே பேசுவோம்! யந்திரத்தைக் கண்டதும் என் தொண்டை தானாகவே மூடிக்கொண்டது. உதடு பேசியது. நான் பேசவில்லை என்பது எனக்கே தெரியாது!

பிலிம் வீணாகிவிட்டதே, திட்டுவார்கள் என்று தலை குனிந்து நின்றேன். வெள்ளியங்கிரி அண்ணன் திட்டவில்லை. மூங்கில் மோடாவை இழுத்துப் போட்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார். “இன்னொருக்காச் சொல்லுங்க அம்மணி. மொள்ளச் சொல்லுங்க, நானும் படிக்கறேன்” என்று ஒரு பாடசாலைப் பிள்ளையைப் போல என் உதட்டைப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்து, “கரீமு, எஞ்சினை ஓட்டு!” என்றார்.

அப்படிப் பிறந்ததுதான் நீங்கள் பார்த்த காட்சி. யந்திரம் இரைகிறது. மேஸ்திரி பின்னால் நிற்கிறார். மூன்று நிமிஷம் நாங்கள் உதட்டாலேயே பேசுகிறோம். அப்போது உச்சிவேளை ஆலைச் சங்கு ஊதுகிறது, யந்திரம் நிற்கிறது, பாதி வாக்கியத்தில் என் குரல் வெளியே வருகிறது: “மொதப் பல்லுடி! அரிசியாட்டம்!”

படம் முடிந்தது. சென்னையிலிருந்து விநியோகஸ்தர் வந்து பார்த்தார். எல்லாம் பிடித்தது அவருக்கு, இந்தக் காட்சியைத் தவிர.

“பேசும் படத்தில் மூணு நிமிஷம் பேச்சே இல்லையே ஐயா! மிஷின் கெட்டுப்போச்சுன்னு ஜனங்க கல்லெறிவாங்க. அப்புறம் வாயைத் திறந்தா ‘அரிசியாட்டம்’னு ஒரு பாஷை! மதுரையில யாருக்கு ஐயா இது புரியும்? வெட்டி எறியுங்க. ஒரு நாடக நடிகையைப் போட்டு, தாலாட்டு ஒண்ணு வெச்சு எடுத்துக் குடுங்க. இல்லேன்னா படத்தை நான் எடுத்துக்க மாட்டேன்.”

வெள்ளியங்கிரி அண்ணன் மெல்லக் கேட்டார்: “ஒரே ஒரு ஆட்டமுங்க. ஞாயித்துக்கெழமை மத்தியானம், நம்மூருக் கொட்டகையில. சனங்க வேண்டாம்னு சொன்னா நானே கத்தரியை வெச்சுப்போடறனுங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முழுப் படத்தில் எனக்கென்று இருந்தது என்ன? பேசாத மூன்று நிமிஷம், பேசிய மூன்று சொல். அதையும் எடுத்துவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? என்னை விடுங்கள். எங்களைப் போன்றவர்கள் திரையில் வாய் திறந்ததற்கு வேறு சாட்சி ஏது?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்தது. பெண்கள் பக்கம் முழுக்க ஆலைக்காரிகள். காட்சி வந்தது. யந்திரம் இரைந்தது. என் உதடு அசைந்தது.

ஆண்கள் பக்கம் எழுந்தது ஒரு குரல்: “ஏனுங்க, பேச்சு வரலீங்க! பொட்டியப் பாருங்க!” அடுத்து ஒரு விசில். அடுத்து பத்து விசில். விநியோகஸ்தர் வெள்ளியங்கிரி அண்ணனைப் பார்த்துப் புன்னகை செய்தார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள். இரண்டு பேர் சிரித்தார்கள். இருபது பேர் சிரித்தார்கள். இருநூறு பேர் சிரித்தார்கள்! விசில் நின்றுவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கெஞ்சினார்: “ஏனம்மிணி, அப்படி என்னதான் சொல்றா? எங்களுக்குஞ் சொல்லுங்க!”

“மேஸ்திரி மீசை கரப்பான்பூச்சி மீசையாட்டம் இருக்குதுங்கறாளுங்க!”

கொட்டகை குலுங்கியது. அதற்குப் பிறகு பெண்கள் சொல்லச் சொல்ல ஆண்கள் கேட்டார்கள். ஐயா, அம்மா, எண்ணிப் பாருங்கள்! என்றைக்காவது ஒரு கொட்டகையில், பெண்கள் சொல்லி ஆண்களுக்குப் படம் விளங்கியது உண்டா? சங்கு ஊதியது. “மொதப் பல்லுடி! அரிசியாட்டம்!” என்ற என் குரல் வந்தது. கைதட்டலில் அடுத்த காட்சியே காதில் விழவில்லை. அந்த ரீலை மறுபடியும் ஓட்டச் சொல்லி ஓட்டவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள்.

விநியோகஸ்தர் நல்ல மனிதர். படம் முடிந்ததும் எங்களிடம் வந்து, “அம்மா, கத்தரி வேண்டாம். படம் இப்படியே போகட்டும். ஆனால் மீசைக்கு அப்புறம் ஒண்ணை மட்டும் எங்களுக்குச் சொல்லாம அத்தனை பேரும் சிரிச்சீங்களே, அது என்ன?” என்று கேட்டார்.

கருப்பாத்தாள் அக்காள், “அது ஆம்பளைங்க கிட்டச் சொல்ற பேச்சில்லீங்க! நாளைக்கு இன்னொருக்கா வந்து பாருங்க, வெளங்குதான்னு பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்.

இன்று ‘பருத்திக்காட்டுப் பாக்கியம்’ நம் ஊரில் ஐம்பதாவது நாள். ஈரோட்டில் ஓடுகிறது. பொள்ளாச்சியில் சந்தை நாளில் இடம் கிடைப்பதில்லை. மதுரையில் யாருக்குப் புரியும் என்று கேட்டாரே! மதுரையில் ஆலைகள் இல்லையா? அங்கே பெண்கள் இல்லையா? அங்கேயும் பெண்கள் பக்கம்தான் முதலில் சிரித்ததாம்!

பெரியோர்களே, தாய்மார்களே! அடுத்த படம் தை மாதம் தொடங்குகிறது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசும் பொள்ளாச்சி ஆறுச்சாமி ஐயா, அதே துண்டோடு அதில் வருகிறார். கோட்டைமேட்டு ஹபீபுன்னிசா அக்காள், முகம் காட்ட மாட்டேன், குரல் தருகிறேன் என்றார். ஆகட்டும் என்று வெள்ளியங்கிரி அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். திரையில் ஒரு தையல் மிஷின் தெரியும், இரண்டு கைகள் தெரியும், அவர் கதை கேட்கும். முகம் காட்டுகிறவரும் வரட்டும், காட்டாதவரும் வரட்டும்! உழுகிற காட்டில் பேசுகிற பேச்சு வரட்டும், கடையில் பேசுகிற பேச்சு வரட்டும், தறியடியில் பேசுகிற பேச்சு வரட்டும்! இந்த நாட்டில் எத்தனை வாய்கள் உண்டோ அத்தனை வாய்களுக்கும் அந்த வெள்ளைத் துணியில் இடம் உண்டு. இல்லை என்று யார் சொல்வது?

இன்னும் நான்கு பெண்கள் வேண்டுமாம். இந்த மேடையில் கேட்கச் சொன்னார்கள்.

யாரோ கை தூக்குகிறீர்கள். என்ன அக்கா? “எனக்குப் பாட்டு வராதுங்களே அம்மணி” என்கிறீர்களா? எனக்கும் வராதுங்க அக்கா. பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட வருமல்லவா? வரும் என்று தலையாட்டுகிறார், பக்கத்து வீட்டுக்காரியும் தலையாட்டுகிறார்! இரண்டு பேரும் வாருங்கள். கரீம் அண்ணா, முதல் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள், எழுதிக்கொள்ளுங்கள்!

என்னைப் பேசவைத்த வெள்ளியங்கிரி அண்ணனுக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கமுங்க.