இரண்டாவது பூச்சு

"ஹலோ... ஆங், மதிதான். கடையிலருந்து... இன்னாடா, மேளமா? கொஞ்சம் மண்டபத்துக்கு வெளிய வா ராஜேஷ்... வந்துட்டியா?... கோவிந்தராஜ் அண்ணன் வண்டி வந்து நிக்குது. சப்வூஃபர் ஸ்பீக்கர் போச்சு... ஆமா, ஆமா, போன வாரம் மாட்டுனதுதான். காயில் கருகி நாறுது. ஆம்பும் அவுட்டு."

மதியழகன் டிக்கிக்குள் மறுபடி குனிந்து பார்த்தான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் அவனும் ராஜேஷும் சேர்ந்து நடத்தும் கார் ஆடியோ கடை. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தை அளவாக வைத்ததும், அதைக் கூட்டிக் குறைக்கும் கெயின் ஸ்க்ரூவின் மேல், மதியழகனின் மனைவி அம்பிகா கொடுத்த நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம். யாராவது திருப்பினால் அது வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

"அந்தாளு கத்திட்டு பிரியாணி துன்னப் போயிருக்காரு... இல்ல, வயரிங் நல்லாத்தான் இருக்குது. ஃபியூஸும் சரிதான். கெயினைத்தான் முழுசா ஏத்தி வச்சிருக்குது. எந்த ஸ்பீக்கருடா தாங்கும்?... அவரா? அவரு எப்பிடி ஏத்துவாரு? ஸ்க்ரூ மேல பொட்டு இருக்குதே!... ஆமா, அம்பிகாவோட பாலிஷ்தான்... இருடா, முழுசா கேளு. ரெண்டு பூச்சு இருக்குது. அடியில இருக்கறது வெடிச்சிருக்குது. மேல இருக்கறது புதுசு. அந்த பாட்டில் எங்க இருக்குதுன்னு நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்குத் தெரியும்?"

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஹலோ... இருக்கியா?... கத்தாத. நான் கத்தலயே... அவரு இன்னொண்ணும் சொன்னாரு. நாட்றம்பள்ளில நீ தனியா கடை போடறியாமே? மதி செட்டிங் சரியில்ல, அடுத்த வண்டிய அங்க எடுத்தாங்கன்னியாமே?... ஆமா, நீ சொன்னதாத்தான் சொன்னாரு... தனியா போறேன்னு சொல்லியிருந்தா நானே வந்து போர்டு மாட்டியிருப்பேன்டா. என் வேலைய எரிச்சிட்டா போவணும்?"

போனில் மேளம் கேட்டது. ராஜேஷ் தன்னிடம் பொய் சொல்லி மதியழகன் கேட்டதில்லை. இன்று ஒரே ஒரு பொய் போதும் என்றிருந்தது.

"நான் பண்ணலன்னு ஒரு வார்த்தை சொல்லு, தோஸ்த். நம்பிடறேன். தப்பு என்னுதுன்னு அவர்கிட்ட ஒத்துக்கறேன்... ம்... சொல்லு... இன்னா?... அவருக்குத் தெரிஞ்சிடுச்சான்னா கேக்கற?"

போனைக் காதிலிருந்து எடுத்தான். ராஜேஷின் குரல் அதற்குள் இன்னும் வேகவேகமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பாதி வார்த்தையில் அணைத்தான்.