கை தட்டற இடம்

இல்லம்மா, யாரும் வரல, தாராளமா உக்காருங்க. அது வேணாம், அந்த சீட்டு பின்னால சாஞ்சுக்கும், தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும். இதுல உக்காருங்க. ஆமா, எனக்கு இந்தத் தியேட்டர் அத்துப்படி. எங்க உக்காந்தா ஏசி கழுத்துல அடிக்கும், எங்க உக்காந்தா தூண் மறைக்கும், எல்லாம் தெரியும். சனிக்கிழமை ஆனா இங்கதானே கிடக்கறோம்.

இந்த மாதிரிப் படமெல்லாம் புடிக்குமான்னா... புடிக்கும்னு வெச்சுக்கோங்களேன். இயற்கை, ஊரு, வெயிலு, மழைன்னு ஏதாவது ஒண்ணு போடுவாங்க. போன வாரம் முதல்ல ஒரு சின்னப் படம், தேனீயைப் பத்தி. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் தேனீயேதான். நான்கூட, என்னடா இது, கதாநாயகன் எப்ப வருவான்னு பாத்துட்டு இருந்தேன். கடைசியில அந்தத் தேனீயெல்லாம் இனிமே இங்க சரிப்படாதுன்னு கூட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிச்சு பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஒரு பூச்சிக்கு இருக்கற புத்தி! சரி, அதை விடுங்க.

நீங்க கடல் படத்துக்குத்தானே வந்தீங்க? வெளிய போஸ்டர் பாத்திருப்பீங்களே. வாசப்படியில ஒரு வயசானவர் உக்காந்திருப்பாரு, பின்னால அலை எழும்பி நிக்கும். அவர் எங்க வீட்டுக்காரர்தான். ஐயோ, எதுக்கும்மா எழுந்திரிக்கறீங்க, உக்காருங்க. நான் என்ன பெரிய இவளா! அதோ முன் வரிசையில வெள்ளைச் சட்டை. கூட்டம் எவ்வளவு வந்திருக்குன்னு கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு பாருங்க, அவர்தான். அவரை அங்க கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுடுவாங்க. என்னையும் கூப்பிடுவாங்க, நான்தான் மாட்டேன்னுட்டு இங்க கதவுப் பக்கம் வந்துடுவேன்.

என்னது? ஓ, உங்க கூட வேலை பாக்கறவங்க ஏற்கெனவே பாத்துட்டாங்களா? அவரு பேசற அந்த இடத்துல ஹாலே எழுந்து கை தட்டிச்சுன்னு சொன்னாங்களா. தட்டும். எல்லா வாரமும் தட்டுது.

அந்த இடத்தோட கதையைக் கேக்கறீங்களா? இன்னும் ஆரம்பிக்கல, சொல்றேன். அவரு கொத்தனாரும்மா. நாங்க இருக்கற வீடும் அவரு கையால கட்டினதுதான். கடலுக்கு மொத வீடு அப்ப எங்களுது இல்ல. எங்களுக்கு முன்னால ரெண்டு தெரு இருந்துச்சு. இப்ப எங்க வாசல்லதான் கடல். படம் எடுக்க வந்த அன்னிக்கு அவருக்கு முழங்கால் புடிச்சுக்கிச்சு. நான்தான் எண்ணெயைச் சுட வெச்சுத் தேச்சுவிட்டு, வெயில்ல காலை நீட்டி உக்காருங்க, எண்ணெய் ஊறட்டும், யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்கன்னு சொல்லி வாசப்படியில உக்கார வெச்சேன். அப்பதான் அந்தப் பொண்ணு, இந்தப் படத்தை எடுத்த பொண்ணு, கேமராக்காரனைக் கூட்டிட்டு வந்துச்சு. கடல் உள்ள வருதே, பயமா இல்லையா, எங்க போவீங்கன்னு என்னென்னவோ கேட்டுச்சு. இவரு ஊங்கொட்டிட்டு இருந்தாரு. அப்புறம், ஐயா, கரைவரைக்கும் நடந்து வாங்க, அங்க நிக்க வெச்சு எடுக்கறோம்னு சொன்னாங்க. ஒரு தடவை சொன்னாங்க, மறுபடியும் சொன்னாங்க, இவருக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. யார் வந்து கூப்பிட்டாலும் நான் இந்த எடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன், போ அப்படின்னு ஒரே கத்து. கடலுக்குச் சொன்னது இல்லம்மா அது. முழங்காலுக்குச் சொன்னது.

படத்துல பாத்தா முழங்காலையே காணோம்! பெரிய அலை ஒண்ணு வருது, சத்தமெல்லாம் அடங்குது, திரை முழுக்க இவரு முகம், யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திரிக்க மாட்டேன். சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க, சிரிக்கற விஷயம்தான். அந்தப் பொண்ணு ஏமாத்திடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது காதுல அப்படித்தான் விழுந்திருக்கு. இவரு கையைப் புடிச்சுக்கிட்டு அன்னிக்கே அழுதுச்சு. எண்ணெய்க் கையைப் புடிச்சுட்டு எதுக்குடா இந்தப் பொண்ணு அழுதுன்னு எங்களுக்குப் புரியவே இல்ல.

போறதுக்கு இடமா? ஏன் இல்லாம! மேட்டுப் பக்கம் அரசாங்கத்துல வீடு கட்டிக் கொடுத்திருக்காங்க. எங்க தெருவுல எல்லாரும் சாவி வாங்கிட்டுப் போயாச்சு. இவரும் போறேன்னுதான் இருந்தாரு. அதைத்தான் நான் யார்கிட்ட சொல்லி அழறது? படம் வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டைப் போய்ப் பாத்துட்டு வந்தோம். தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பாத்துட்டு, இந்தச் சுவர் கோணல், அந்தப் பூச்சு நிக்காது, கட்டினவனை ஒதைக்கணும்னு திட்டினாரு. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. இருக்கப் போற வீட்டைத்தானே மனுஷன் திட்டுவாரு? சமையல்கட்டுல எனக்கு எட்டற உயரத்துல ஒரு பலகை அடிக்கறேன்னு அளவுகூட எடுத்தாரு.

அதுக்கப்புறம் இங்க படம் போட்டாங்க. கை தட்டினாங்க. முடிஞ்சதும் மேடைக்குக் கூப்பிட்டாங்க, ஆளாளுக்கு வந்து கையைக் குடுத்தாங்க.  மறுநாள் காலையில நான் மூட்டை கட்ட உக்காந்தா, இப்ப நாம போனா நல்லா இருக்காதுங்கறாரு. யாருக்கு நல்லா இருக்காதுன்னு கேட்டேன். எடுத்து வெச்ச பாத்திரத்தைத் திருப்பி அடுக்க ஆரம்பிச்சுட்டாரு.

அவ்வளவுதான். புலி வாலைப் புடிச்ச கதை ஆயிடுச்சு. விட்டா ஊர் சிரிக்கும், விடலைன்னா புலி கடிக்கும். ஏங்க, அது முழங்காலுக்குச் சொன்னதுங்கன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். நான் எதுக்குச் சொன்னேன்னு எனக்குத் தெரியாதாடின்னு என் மேலயே எகிறறாரு. இப்ப அவருக்கே அது கடலுக்குச் சொன்ன மாதிரிதான் ஞாபகம். எங்க பொண்ணு ஃபோன்ல கத்து கத்துன்னு கத்துது. மாப்பிள்ளை நேர்ல வந்து கெஞ்சினாரு. அவரையும் உக்கார வெச்சு, படம் பாத்தீங்களா மாப்பிள்ளைன்னு கேக்கறாரு.

கோவம் வராமலா இருக்கும்? வருது. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இந்த ஊர்ல அவரு கட்டின வீடு எத்தனையோ இருக்கு. வீடு முடியற அன்னிக்கு வீட்டுக்காரங்க முன் வாசல் வழியா உள்ள போவாங்க. இவரு பின்னாடி குழாயில கையைக் காலைக் கழுவிட்டு, கரணையை ரசமட்டத்தைப் பைக்குள்ள போட்டுட்டு வந்துடுவாரு. அடுத்த நாள் அந்தப் பக்கம் போனா யாருன்னு கேப்பாங்க. சுவர் நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல. விரிசல் விட்டா மட்டும் தேடிட்டு வருவாங்க. அந்த மனுஷனுக்கு இத்தனை வயசுக்கு மேல ஒரு ஹால் முழுக்கக் கை தட்டினா, தலை கிறுகிறுக்காம என்ன பண்ணும்? வீட்ல சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி வெள்ளிக்கிழமையே ஆரம்பிச்சுடறாரு. எனக்கு அதைப் பாக்கவும் முடியல, வேணாம்னு சொல்லவும் முடியல.

மேடையிலயா? அங்க ஒரு தடவை மட்டும் போனேன். ஒரு காலேஜ் பையன் எழுந்து, அம்மா, உங்களுக்குப் பயமா இல்லையான்னு மைக்குல கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, அவளுக்கு என்ன பயம்னு இவரு சொல்லிட்டாரு. அதுக்கும் தட்டினாங்க. நல்ல ஜனங்கதான், நான் குறை சொல்லல. கடலைக் காப்பாத்தணும்னு பேசறாங்க, சில பேர் அழறாங்க. அப்புறம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடறாங்க. நாங்களும் எங்க வீட்டுக்குத்தானே போகணும்?

வீடு எப்படி இருக்குன்னா? கட்டிலுக்கு அடியில செங்கல் வெச்சு உசத்தியாச்சு. அடுப்பை மேடை மேல ஏத்தியாச்சு. கடல் ஏறினா சமையல்கட்டுக்குள்ள கணுக்காலுக்குத் தண்ணி. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு நானும் பழகிட்டேன். ஆனா இன்னிக்குக் காலையில பின்பக்கச் சுவர் விழுந்துடுச்சும்மா. நான் அந்தப் பக்கம்தான் பாத்திரம் தேய்ப்பேன். இன்னிக்குப் பொடி தீந்து போச்சேன்னு எடுக்க உள்ள வந்தேன், பின்னாலயே டமார்னு சத்தம். இதோ உக்காந்திருக்கேனே, அடி ஒண்ணும் படல. 

அவரா? ஓடி வந்தாரு. என்னைப் பாத்தாரு, சுவரைப் பாத்தாரு. அவரு வெச்ச செங்கல்தானே எல்லாம். ஒண்ணை எடுத்துத் தட்டிப் பாத்தாரு, ஈரத்துல மாவாட்டம் உதிருது. அப்படியே தண்ணியில உக்காந்துட்டு, போயிடலாம்டி, திங்கட்கிழமை சாவி வாங்கிக்கலாம்னாரு. திங்கட்கிழமைதாம்மா கடைசி நாளு. அதுக்கு மேல அந்த வீட்டை வேற யாருக்கோ குடுத்துடுவாங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. அவரு வாயால வந்துடுச்சே, போதும்னு இருந்துச்சு. சாயங்காலம் பாத்தா சட்டையை மாட்டிட்டு நிக்கறாரு. இன்னிக்கு வேணாங்க, உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாங்கன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். வரேன்னு சொல்லிட்டேன், சொன்ன சொல்லு முக்கியம்ங்கறாரு.

ஆமாம்மா, எனக்கும் அந்தப் பயம்தான். தட்டினாங்கன்னா மனசு மாறிடும். மறுபடியும் நல்லா இருக்காதும்பாரு. அடுத்த சுவர் நாங்க படுக்கற பக்கம்.

லைட்டை அணைக்கறாங்க. ஃபோனை உள்ள வெச்சுடுங்க, இங்க ஒருத்தர் வந்து சத்தம் போடுவாரு. இன்னிக்குச் சின்னப் படம் கிடையாது போல, நேரா எங்க தெருவையே போட்டுட்டாங்க. இல்லம்மா, நீங்க தட்டக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. நீங்க ஒருத்தர் தட்டலைன்னா ஹால் சும்மா இருக்கவா போகுது? எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அந்த அலை வந்து, சத்தம் அடங்கி, இவரு முகம் வரும். அப்ப என் கை ரெண்டையும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கோங்க. நான் உதறினாலும் விட்டுடாதீங்க. அந்த முகத்தை அவ்வளவு பெருசாப் பாத்தா எனக்குத் தாங்கல, ஒவ்வொரு வாரமும் முதல்ல தட்டறது நான்தான்.