பத்தரை பாயின்ட்

இளம் பேராசிரியை நாகிரி சாயோ மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடிவந்தபோது நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆவி பட்டால் மங்கிவிடுகிறது. மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

“தகாகுரா சான், இந்தத் தடவை எல்லா எழுத்துமே பத்தரை பாயின்ட். படத்துக்குக் கீழ இருக்கறதுகூட. ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க.”

“அளக்க வேண்டாம், சென்செய். பார்த்தாலே தெரியும்.”

பக்கத்து மேசை மிசோபே சிரித்தான். “சோயா சாஸ் பாட்டில்ல எழுத்து சிறுசா இருக்குன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்ட ஆளு இவரு. இவர்கிட்ட தப்ப முடியுமா?”

மூவரும் சிரித்தோம். நல்ல பெண்.

பல்கலைக்கழகத்தில் யாரும் நேரடியாக நிதி கேட்க முடியாது. எல்லா விண்ணப்பமும் என் மேசை வழியாகத்தான் போகும். பேரிடர் தடுப்பு நிதிக்கு மூன்று பக்கம், எழுத்து பத்தரைக்குக் குறையக் கூடாது. நடுவர்கள் வயதானவர்கள். கட்டுக்கட்டாகப் படிக்கிறார்கள். அந்தக் கண்களுக்கு நாம் காட்டும் மரியாதை அது.

ஆனால் எல்லோரும் ஏமாற்றுவார்கள். பத்தே காலில் அடிப்பார்கள், வரிகளை நெருக்குவார்கள். நான் விளக்கக் கூட்டம் வைத்தால் வந்து பெந்தோ உணவுப் பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை பேராசிரியர் ஒருவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்: “எழுத்து சிறுசுன்னு இதுவரைக்கும் யாரையாவது தள்ளியிருக்காங்களா, தகாகுரா?”

நியாயமான கேள்வி. யாரையும் தள்ளியதில்லை. ஒன்று தள்ளப்பட வேண்டும் என்பது அன்று எனக்குப் புரிந்தது. சுமாரான விண்ணப்பம் விழுந்தால், விஷயம் சுமார் என்பார்கள். ஆகவே மிகச் சிறந்தது விழ வேண்டும்.

அந்த ஆண்டு சிறந்தது சாயோவுடையது. ஒகுசாவா மலைச்சரிவில் கருவிகளைப் புதைத்து, மண் நகர்ந்தால் சங்கு ஊதவைக்கும் திட்டம்.

“கிடைச்சா ஏப்ரல்லயே மண்ணுல எறக்கிடுவேன்,” என்றாள். “மழைக்கு முன்னாடி. அது போதும் எனக்கு.” குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

நான் ஒரு பத்தியை மட்டும் ஒன்பது பாயின்டாகச் சுருக்கினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

எழுத்து சிறிது என்று நடுவர்கள் படித்துப் பார்க்காமலேயே தள்ளிவிட்டார்கள். சாயோ வெளுத்துப்போய் வந்து நின்றாள்.

“நான் பத்தரைதானே வெச்சேன்...”

“அவசரத்துல நடக்கறதுதான், சென்செய்.”

“உங்க உழைப்பையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சிடுங்க,” என்று என் முன்னால் குனிந்தாள். நீண்ட நேரம் நிமிரவே இல்லை. பரவாயில்லை என்றேன்.

ஜூனில் சரிவு இறங்கியது. கீழே காப்பகத்தில் குழந்தைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். சொந்தச் செலவில் வாங்கிய ஒரே ஒரு கருவியோடு சாயோ மேலே ஏறியிருந்தாள். அவளை இன்னும் தோண்டி எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இந்த இலையுதிர் காலத்தில் வந்த விண்ணப்பங்களை நீங்கள் பார்க்க வேண்டும். எல்லாம் பத்தரை. ஒருவருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பல் குத்திய பேராசிரியர் பதினொன்றில் கொடுத்தார். படிக்கச் சுகமாக இருந்தது என்று நடுவர்கள் சொல்லியனுப்பினார்கள்.

உள்ளே என்ன எழுதியிருந்தது என்று தெரியாமல் செய்தேனா என்கிறீர்கள். அப்படிச் சொன்னால் தண்டனை குறையும் என்று வக்கீலும் சொன்னார்.

தெரியும். அடுத்த மழையைச் சரிவு தாங்காது, அதற்கு நேர் கீழே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது என்று ஒரு பத்தி இருந்தது. நான் சுருக்கியது அதைத்தான். சுருக்கியபின் இன்னொரு முறை படித்துப் பார்த்தேன்.

ஒன்பதிலும் தெளிவாகவே இருந்தது.