டாக்டர் ஏசிய சந்தோஷம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் போனில் பூரித்துப்போய்ச் சொன்னார்.

"ஏலே தம்பி, இன்னைக்கு டாக்டரு என்னைய ஏசு ஏசுன்னு ஏசிட்டாருலே!"

பக்கத்தில் அவர் மனைவி, மடியில் அல்வாப் பொட்டலம்.

"போன வருசம் பூரா நுரையீரல் கேன்சரத் தவிர வேற பேச்சு உண்டா? இன்னைக்கு ஸ்கேனப் பாத்தாரு. கட்டி நல்லாச் சுருங்கிட்டுன்னாரு. அப்புறம் பூராவும் சுகரு, பிரஷரு, இந்தத் தொப்பைதான்! இப்படியே விட்டா ஹார்ட்டுக்கு ஆகாதாம்."

போனை வைத்ததும் அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். கண்டக்டர் முதல் கடைசி சீட்டு வரை ஆளுக்கொரு துண்டு. கணவரும் கை நீட்டினார்.

"டாக்டரு ஏசினதுக்குத்தான் எல்லாருக்கும் அல்வா குடுக்கேன். ஒங்களுக்கே குடுத்தா எப்படி?"